ஆங்கில 'ப்ளே'யைச் சீன மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

மாலை வகுப்பு:

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் சீனர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் பெரியவர்கள். சமையல்காரர், எலக்ட்ரீஷியன், கணக்கர் என்று பல தொழிலில் இருப்பவர்கள். சீனத்தில் வினைக்குக் கால விகுதி கிடையாது, அதனால் இறந்த காலத்தில் தடுமாறுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு ஒன்று: 'ப்ளே' என்ற சின்னச் சொல்.

அவர்கள் எழுதுவதிலிருந்து சில வாக்கியங்கள்:

'லாஸ்ட் சண்டே ஐ ப்ளேட் வித் மை ஃப்ரெண்ட்ஸ்.' (எழுதியவர் நாற்பதைத் தாண்டியவர்.)
'மை சன் ஆல்வேஸ் ப்ளே ஃபோன்.'
'ஐ வான்ட் டு கோ டு மலேசியா டு ப்ளே.'
'மை மதர் ப்ளே தாய்ச்சி எவ்ரி மார்னிங்.' (தாய்ச்சி என்பது மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி, சண்டைக் கலையிலிருந்து வந்தது.)

இதே ஆட்கள், வயலின் என்று வந்தால் 'ப்ளே'யை விட்டுவிட்டு 'புல்' (இழு என்ற ஆங்கிலச் சொல்) போடுகிறார்கள். அதாவது வேண்டிய இடத்தில் சொல் வருவதில்லை, வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது. பாடப்புத்தகத்தில் 'ப்ளே'யின் பொருள்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மாணவர்கள் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள், ஆனால் பேச வாயைத் திறந்தால் அந்த வரிசை கைகொடுப்பதில்லை. சீனம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று கொஞ்சம் விளக்குங்களேன்.

ஹார்பின் குளிர்:

நல்ல கேள்வி சார். நான் சீனாவில் மருத்துவம் படித்தவள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் வார்டுக்குள் போனால் முழுக்கச் சீனம்தான். அங்கே கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

'ப்ளே' என்பதற்குச் சீனத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்து வினையைப் பிடிப்பார்கள். பியானோ, கிட்டார், பீபா என்ற சீன நரம்புக்கருவி என்றால் 'தான்', அதாவது விரலால் தெறிப்பது. வயலினுக்கும் இரண்டு நரம்புள்ள அர்ஹுவுக்கும் 'லா', இழுப்பது, ஏனென்றால் வில்லை இழுக்கிறோம். அக்கார்டியனுக்கும் அதே 'லா'தான், துருத்தியை இழுப்பதால். புல்லாங்குழல், சாக்ஸஃபோன் எல்லாம் 'ச்சுவெய்', ஊதுவது. இசைக்கருவிக்கே இத்தனை.

விளையாட்டுக்கு வந்தால் கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ், பாட்மின்டன், கோல்ஃப் எல்லாம் 'தா', அடிப்பது. கால்பந்து மட்டும் 'தீ', உதைப்பது. சீட்டும் மாஜோங்கும் மறுபடியும் 'தா'. சதுரங்கத்துக்கும் கறுப்பு வெள்ளைக் கல் வைத்து ஆடும் வெய்ச்சீக்கும் 'ஷியா', கீழே இறக்குவது, ஏனென்றால் காயைப் பலகையில் இறக்குகிறோம். போனில் பாட்டுப் போடுவது 'ஃபாங்', நாடகத்தில் வேடம் கட்டுவது 'யென்'.

உங்கள் மாணவர் வயலினுக்கு 'புல்' போட்டது இதனால்தான். அவருக்கு 'ப்ளே'யே நினைவுக்கு வந்திருக்காது. கை இழுக்கிறது, மொழியும் இழுக்கிறது. கையையும் காலையும் கவனிக்கிற மொழியிலிருந்து, அதையெல்லாம் கண்டுகொள்ளாத மொழிக்கு அவர் தாவ வேண்டியிருக்கிறது.

காவிரிக்கரை:

இசைக்கருவி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடவா சீனத்தில் இல்லை? தமிழில் வீணையும் வாசிக்கிறோம், புல்லாங்குழலும் வாசிக்கிறோம், மிருதங்கமும் வாசிக்கிறோம். மீட்டுவதும் ஊதுவதும் தனியாக இருந்தாலும் 'வாசி' எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது.

ஹார்பின் குளிர்:

இருக்கிறது அண்ணா. 'யென்ட்சோ' என்று ஒன்று உண்டு, எந்தக் கருவிக்கும் பொருந்தும். ஆனால் அது கச்சேரி அறிவிப்பில் வரும் சொல். 'என் பெண் வீட்டில் பியானோ வாசிக்கிறாள்' என்று சாதாரணமாகச் சொல்கிற யாரும் அதை எடுக்க மாட்டார்கள்.

மாலை வகுப்பு:

இது எனக்குப் பெரிய திறப்பு, மிக்க நன்றி. வேண்டிய இடத்தில் ஏன் வரவில்லை என்பது விளங்கிவிட்டது. வேண்டாத இடத்தில் ஏன் வருகிறது? நண்பர்களோடு ப்ளே, மலேசியாவுக்கு ப்ளே, இதெல்லாம் எங்கிருந்து வருகின்றன?

குவாங்சோ சரக்கு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். துணி வியாபாரத்துக்காக குவாங்சோவில் குடும்பத்தோடு பல வருடம் இருந்தவன்.

'வான்' என்று ஒரு சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'ப்ளே' என்றால் 'வான்' என்றுதான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் மண்ணில் விளையாடுவது 'வான்', அது சரி. ஆனால் அந்தச் சொல்லுக்கு வயது வரம்பே கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் 'ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வான் வாருங்கள்' என்று கூப்பிடுவார். போனால் விளையாட்டு ஒன்றும் இருக்காது. தேநீர் ஊற்றுவார், சூரியகாந்தி விதையைத் தட்டில் கொட்டுவார், பழம் நறுக்கி வைப்பார். அதைக் கொறித்துக்கொண்டே வாடகை, பிள்ளைகள் படிப்பு, ஊர்ச் செய்தி என்று பேச்சு ஓடும். கிளம்ப மனசே வராது. அந்த உட்கார்ந்து பேசும் பொழுதுதான் 'வான்'. ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் பெய்ஜிங்குக்குச் சுற்றுலா போனாலும் 'வான்'. ஊருக்குக் கிளம்புகிறவர்களை 'நன்றாக வான் பண்ணிவிட்டு வாருங்கள்' என்று வாழ்த்தி அனுப்புவார்கள். ஒரு இடமோ விளையாட்டோ சுவாரசியமாக இருந்தால் 'ஹாவ்வான்', அதாவது 'வான்' பண்ண நன்றாக இருக்கிறது.

அதனால் உங்கள் நாற்பது வயதுக்காரர் எழுதியது அவர் கணக்கில் மிகச் சரி. நண்பர்களோடு பொழுதைக் கழித்தேன் என்கிறார். ஆங்கிலத்தில் கேட்பவருக்கோ பொம்மை வைத்து விளையாடியது போலத் தோன்றும். பெரியவர்கள் இருவரைப் பற்றி என்றால் விரசமான பொருளும் தட்டும். இதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. வேலையிடத்தில் சங்கடப்பட்டு நிற்கக் கூடாது இல்லையா.

காவிரிக்கரை:

அந்தத் தேநீர் விஷயம் படிக்கவே நன்றாக இருக்கிறது ஐயா. 'ப்ளே ஃபோன்' எப்படி வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம். சீனத்தில் வேற்றுமை உருபு கிடையாதே. 'வான்' சொல்லிவிட்டுப் பொருளை அப்படியே பக்கத்தில் வைத்துவிடலாம், சரியா? நாம் போனில் விளையாடுகிறோம், தண்ணீரில் விளையாடுகிறோம், நாயோடு விளையாடுகிறோம். 'இல்', 'ஓடு' இல்லாமல் நமக்கு வாக்கியம் நிற்காது. ஆங்கிலத்துக்கும் 'ஆன்', 'இன்', 'வித்' வேண்டும்.

குவாங்சோ சரக்கு:

ரொம்பச் சரி. வான் போன், வான் கம்ப்யூட்டர், வான் தண்ணீர், வான் பனி, எல்லாம் ஒட்டி வரும். 'வான் நெருப்பு' என்றும் சொல்வார்கள். நெருப்போடு விளையாடினால் தானே எரிந்துபோவாய் என்பது அவர்களிடம் நாலே எழுத்தில் ஒரு பழமொழி. பங்குச் சந்தையில் பணம் போடுவதையும் 'வான்' என்பார்கள், அங்கே மட்டும் ஆங்கில 'ப்ளே'யோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொரு வழக்கும் உண்டு, பங்கை 'வறுப்பது' என்று. கடாயில் புரட்டுவது போலக் கையிலிருப்பதைப் புரட்டிக்கொண்டே இருப்பதால்.

தேர்வு அறை:

நான் சீனாவில் ஒரு பள்ளியில் வேலை செய்தேன். நீங்கள் பேசுவதெல்லாம் சரி, ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு 'ப்ளே' முதலில் தேர்வுக் கேள்வியாகத்தான் அறிமுகமாகிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2001இல் கல்வி அமைச்சகம் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று கொண்டுவந்தது. அப்போதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விதியை உரு போடுகிறது: பந்து விளையாட்டுக்கு முன் 'தி' கிடையாது, இசைக்கருவிக்கு முன் 'தி' உண்டு. 'ப்ளே பாஸ்கெட்பால்', ஆனால் 'ப்ளே தி பியானோ'. நடுநிலைப் பள்ளித் தேர்வில் கோடிட்ட இடமாக இது திரும்பத் திரும்ப வரும். சில பயிற்சிக் குறிப்புகளில், சீனக் கருவிகளான அர்ஹு, பீபாவுக்கு 'தி' வேண்டாம் என்று கூடுதல் விதி வேறு. அமெரிக்கர்கள் பலர் சர்வசாதாரணமாக 'ப்ளே பியானோ' என்பார்கள். அதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

மேல் வகுப்புக்குப் போனால் அடுத்த வாய்பாடு, 'ப்ளேஸ் அன் இம்பார்ட்டன்ட் ரோல் இன்'. கட்டுரை எதைப் பற்றியதாக இருந்தாலும் இது வந்துவிடும். இணையம், காடுகள், அம்மா, காலை உணவு, எல்லாமே முக்கியமான ரோலை ப்ளே பண்ணும். முக்கியப் பங்காற்றுகிறது என்ற தொடர் சீனக் கட்டுரைகளிலும் செய்திகளிலும் புழங்குவது என்பதால் கை தானாக அங்கே போகிறது.

அப்புறம் 'ப்ளேகிரவுண்ட்'. பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும் ஓட்டப்பாதை, மைதானம் எல்லாவற்றுக்கும் அவர்களுக்குக் கிடைத்த ஆங்கிலச் சொல் அது. சீனத்தில் அதன் பெயர் உடற்பயிற்சிக் களம் என்ற பொருள் தரும். இருபது வயது மாணவர் 'தினமும் இரவு ப்ளேகிரவுண்டில் ஓடுகிறேன்' என்று எழுதுவார். வெளிநாட்டு ஆசிரியர் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் நினைத்துக்கொள்வார்.

ஒன்று உறுதியாகச் சொல்வேன். பொருள் வரிசையைக் குறை சொல்லாதீர்கள். தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு அந்த வரிசைதான் சோறு போடுகிறது.

ஹார்பின் குளிர்:

இங்கே உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இவர் வகுப்பில் இருப்பது தேர்வு எழுதும் பிள்ளைகள் இல்லை. மேலதிகாரியிடம் பேச வேண்டியவர்கள், மகனின் ஆசிரியரிடம் பேச வேண்டியவர்கள். பேசும்போது யாரும் மனதுக்குள் ஏழாவது பொருளைத் தேடிப் பிடிக்க முடியாது. என்ன சொல்லப் போகிறோமோ அந்தப் பெயர்ச்சொல் முதலில் வரும், அதற்கு ஒட்டியபடி வினை வர வேண்டும். நான் வார்டில் சீனம் கற்றதும் அப்படித்தான். 'தா' என்றால் என்னென்ன பொருள் என்று படித்திருந்தால் இன்றைக்கும் ஊமையாகத்தான் நின்றிருப்பேன். ஊசி போடுவது 'தா', தும்முவது 'தா', கொட்டாவி விடுவது 'தா', குறட்டை விடுவது 'தா'. நோயாளியின் வாயிலிருந்து தும்மலும் 'தா'வும் சேர்ந்தே வந்தன, சேர்த்தே பிடித்துக்கொண்டேன்.

பழைய ஏடு:

'தா' பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன், சீன இலக்கியம் படிக்கிறவன். இதை கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் கவனித்து வருத்தப்பட்டிருக்கிறார். சோங் வம்சத்து அறிஞர் ஓயாங் ஷியூ, 1007இல் பிறந்து 1072இல் இறந்தவர். பேச்சு வழக்கில் படித்தவர், பாமரர் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஒரு சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள், அது 'தா' என்று எழுதினார். அடிப்பது, தட்டுவது என்பது அதன் பொருள். பொன், வெள்ளிப் பாத்திரம் செய்வதை 'தா' என்றால்கூட ஒப்புக்கொள்ளலாம், தட்டித்தானே செய்கிறார்கள் என்று விட்டுக்கொடுக்கிறார். ஆனால் படகு கட்டுவதும் 'தா', மீன் பிடிப்பதும் 'தா', தண்ணீர் மொள்வதும் 'தா', குடை பிடிப்பதும் 'தா', நிலம் அளப்பதும் 'தா' என்றால் எப்படி என்று கேட்கிறார்.

அவர் குறைபட்ட வழக்குகளில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. இன்றைய சீனர் மீனுக்கும் தண்ணீருக்கும் குடைக்கும் 'தா'தான் போடுகிறார். போன் பேசுவது, தட்டச்சு செய்வது, டாக்சி பிடிப்பது என்று புதிதாகவும் சேர்த்துக்கொண்டார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. சீன மாணவருக்கு 'ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்' என்பது புதுச் சங்கதியே இல்லை. அவர் தாய்மொழியில் 'தா'வை நூறு இடத்தில் யோசிக்காமல் போடுகிறவர். அதை அவருக்கே எடுத்துக் காட்டினால், 'ப்ளே'யும் அந்த ஜாதி என்று சட்டென்று பிடித்துக்கொள்வார். 'தாய்ச்சி'க்கு ஏன் 'ப்ளே' போடுகிறார்கள் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கூடைப்பந்து 'தா' என்றால் 'ப்ளே', தாய்ச்சியும் 'தா', அப்போது அதுவும் 'ப்ளே'. கணக்குச் சுத்தமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

கிளட்ச் கேபிள்:

எனக்குச் சீனமும் தெரியாது, ஆங்கில இலக்கணமும் அவ்வளவு தெரியாது. வண்டி வேலை தெரியும். எங்கள் பட்டறையில் 'ப்ளே' தினமும் புழங்குகிற சொல், பாகம் தளர்வாக ஆடுவதைச் சொல்ல. ஸ்டியரிங்கில் ப்ளே இருக்கு, பேரிங்கில் ப்ளே இருக்கு, கிளட்ச் லீவரில் ஃப்ரீ ப்ளே சரி பண்ணு. சிங்கப்பூரில் உங்கள் எலக்ட்ரீஷியன் மாணவர் ஏதாவது இயந்திரக் கையேட்டைப் பிரித்தால் இந்த 'ப்ளே'யைப் பார்க்காமல் இருக்க மாட்டார். விளையாட்டு என்று எடுத்துக்கொண்டால் வேலை கெட்டுப்போகும். இதை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

நமக்கு இது எளிது. 'ஸ்டியரிங் ஆட்டம் குடுக்குது' என்கிறோம், சீட்டாட்டம் என்றாலும் அதே ஆட்டம். ஆடுகிற பல், ஆடுகிற நாற்காலி, ஆடுகிற ஆட்டம், எல்லாம் ஒரே வேர்.

பழைய ஏடு:

அருமையான இடத்தைத் தொட்டீர்கள் தோழர். ஆங்கிலத்திலும் பழைய பொருள் அதுதான். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு விறுவிறுவென்று அசைவது, உடம்பை இயக்குவது என்ற பொருளும் உண்டு. சீனத்தில் பெடலின் ஃப்ரீ ப்ளேக்குத் தொழில்நுட்பச் சொல் 'ட்சுயோ ஷிங்ச்செங்'. தடையில்லாத பயணத் தொலைவு என்று பொருள். 'வான்' அந்தப் பக்கமே வராது. அந்த மாணவருக்கு இதைத் தனியாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மாலை வகுப்பு:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் குறித்து வைத்துக்கொண்டேன். கிளட்ச் கேபிள் அண்ணன் சொன்னது நேரடியாக என் வகுப்புக்கே பயன்படும்.

எனக்கு இப்போது ஒரு வழி தெரிகிறது. பொருள் வரிசையைக் கையில் எடுக்கவே போவதில்லை. 'தா'விலிருந்து தொடங்குவேன். அவர்களையே சொல்ல வைத்துப் பலகையில் எழுதுவேன்: மீன், குடை, ஊசி, தும்மல், டாக்சி, கூடைப்பந்து. இத்தனையையும் ஒரே சொல் சுமக்கிறதே, எப்படிக் கற்றீர்கள் என்று கேட்பேன். யாரும் பட்டியல் படித்துக் கற்றிருக்க மாட்டார்கள். அப்புறம் 'ப்ளே'யைப் பெயர்ச்சொல்லோடு ஒட்டியே தருவேன், ஒருபோதும் தனியாக இல்லை. 'வான்' வரும் இடங்களுக்கு 'ப்ளே'யையே காட்டாமல் 'ஹேங் அவுட்', 'விசிட்', 'ஹேவ் ஃபன்' என்று வேறு சொல். எதிராளி உண்டா, ஜெயிப்பது தோற்பது உண்டா என்று ஒரு கேள்வியும் சொல்லித் தரலாம் என்று நினைக்கிறேன். கூடைப்பந்துக்கு உண்டு, சதுரங்கத்துக்கு உண்டு, அதனால் 'ப்ளே'. அம்மாவின் காலைத் தாய்ச்சிக்கு இல்லை, அதனால் 'டூ'.

தேர்வு அறை:

அந்தக் கேள்வி ஓர் இடத்தில் காலை வாரும். குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம், எல்லாவற்றிலும் எதிராளி உண்டு, வெற்றி தோல்வியும் உண்டு, ஆனால் ஆங்கிலத்தில் 'ப்ளே' வராது. சீனத்தில் குத்துச்சண்டை 'தா' என்பதால் அவர்கள் கண்டிப்பாகப் போய் விழுவார்கள். சண்டைக் கலைகளைத் தனியாக ஒதுக்கிச் சொல்லிவிடுங்கள். மற்றபடி உங்கள் வழி பெரியவர்களுக்கு நல்ல வழிதான், ஏற்றுக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் 'தி' விதியை விடாமல் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

மாலை வகுப்பு:

நல்லவேளை சொன்னீர்கள். சண்டைக் கலைகள் தனி, சேர்த்துக்கொண்டேன்.

காவிரிக்கரை:

'ப்ளே டெட்', 'ப்ளே டம்ப்' மாதிரி நடிப்பதைச் சொல்லும் வழக்கு விட்டுப்போகிறதே?

ஹார்பின் குளிர்:

அதற்குச் சீனத்தில் 'ஜுவாங்' இருக்கிறது, பாசாங்கு செய்வது. செத்தது போல 'ஜுவாங்', ஒன்றும் தெரியாதது போல 'ஜுவாங்'. நேருக்கு நேர் பொருந்துவதால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

நாடகம் என்ற பொருளில் வரும் 'எ ப்ளே' மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. ஷேக்ஸ்பியரின் 'ப்ளேஸ்' என்று படித்ததும் விளையாட்டுகள் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

பழைய ஏடு:

அதற்கும் அவர்கள் கையிலேயே சாவி இருக்கிறது. 'ஷீ' என்ற எழுத்து. போனில் ஆடும் கேம் 'யோஷீ', மேடை நாடகம் 'ஷீஜூ'. இரண்டிலும் ஒரே 'ஷீ'தான் எழுதுகிறார்கள், தினமும் கண்ணில் படுகிற எழுத்து. நாடகத்துக்குப் போகிறேன் என்பதையே சாதாரணமாக 'ஷீ பார்க்கப் போகிறேன்' என்பார்கள். விளையாட்டும் நாடகமும் ஒரு சொல்லுக்குள் இருப்பது அவர்களுக்கும் பழக்கமானதுதான் என்று 'ஷீ'யைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள் சார், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மாலை வகுப்பு:

எழுதிக் காட்டுகிறேன். வியாழக்கிழமை வகுப்பு. எலக்ட்ரீஷியனுக்காக ஒரு கையேட்டிலிருந்து ஃப்ரீ ப்ளே வரும் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு போகிறேன். எப்படிப் போனது, எங்கே சிக்கினார்கள் என்று இதே இழையில் வந்து எழுதுகிறேன்.

குவாங்சோ சரக்கு:

எழுதுங்கள், காத்திருக்கிறோம். அந்த நாற்பது வயதுக்காரரிடம் 'ஹேங் அவுட்' சொல்லிக் கொடுக்கும்போது, அவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போய்வாருங்கள்.